நாலணா டப்பா

2011 ஜூன் மாதம். கல்லூரி திறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. கரூரில் மாமாவின் மளிகைக் கடையில் ஒத்தாசைக்கு உட்கார்ந்திருந்தேன். ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் குறைந்த காசுகளும் செல்லாது, 29-ஆம் தேதிக்குள் வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்திருந்தது. எங்கள் ஊரில் நாலணாவைக் கையில் வாங்குவதை மக்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கல்லாவுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய அந்தக் காசுதான் கிடந்தது. "எண்ணி நூறு நூறாக் கட்டி வை. பேங்குல குடுத்துடலாம்" என்றார் மாமா.

கடை சாத்திய பிறகு சாக்கை விரித்து டப்பாவைக் கவிழ்த்தேன். பெரும்பாலும் காண்டாமிருகம் போட்ட ஸ்டீல் காசுகள். முதல் நூறை எண்ணி முடிப்பதற்குள் ஒரு காசில் வருடத்துக்குக் கீழே சின்னப் புள்ளி ஒன்று தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. அடுத்த காசில் அதே இடத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரம். இன்னொன்றில் சாய்ந்த சதுரம். வேறொன்றில் எதுவுமே இல்லை.

"மாமா, இதுல நட்சத்திரம் இருக்கு, அதுல இல்லையே, ஏன்?"

"காசுல என்னடா நட்சத்திரம்? எண்ணுடா நீ."

சொல்லிவிட்டு அவரும் கண்ணாடியைக் கழற்றி, காசைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். இருபத்தைந்து வருடமாகக் கல்லாவில் காசு எண்ணியவர் அவர்.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தேடினேன். நம் நாட்டுக் காசு நான்கு நாணயச் சாலைகளில் அச்சாகிறது. மும்பை என்றால் சாய்சதுரம், ஹைதராபாத் என்றால் நட்சத்திரம், நொய்டா என்றால் புள்ளி, கொல்கத்தாவுக்கு அடையாளமே கிடையாது. காசு சேர்ப்பவர்கள் இதை மிண்ட் மார்க் என்பார்கள். ஆக, ஒரே வருடத்தில் வந்த ஒரே நாலணா நான்கு விதமாக இருக்கலாம். அன்று இரவு மாமாவின் பழைய கணக்கு நோட்டில் கட்டம் போட்டேன். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1988 தொடங்கி 2002 வரை வருடங்கள். மேலே நான்கு ஊர்கள். எந்தக் கட்டத்துக்குக் காசு கிடைத்ததோ அதில் ஒரு டிக். மொத்தம் 31 காசு தேறியது. ஏழே முக்கால் ரூபாயை மாமாவிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு அவற்றை எடுத்துக்கொண்டேன். மீதியெல்லாம் வங்கிக்குப் போய்விட்டது.

காசு சேர்க்கப் பழக வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் இந்த டப்பா கதையைத்தான் சொல்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எங்கே வாங்கலாம்?" என்றுதான். வாங்குவதற்கு என்ன அவசரம்? உங்கள் பர்ஸில், உண்டியலில், பக்கத்துக் கடைக் கல்லாவில் இருக்கும் காசை எடுத்து ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். பார்க்கும் பழக்கம் கண்ணில் ஏற வேண்டும். அதற்கு முகமதிப்புக்கு மேல் ஒரு பைசா செலவில்லை. தப்பாகப் போனாலும் அந்தக் காசைக் கொடுத்துக் காய்கறி வாங்கிக்கொள்ளலாம்.

கல்லாவிலேயே எவ்வளவு கிடக்கிறது தெரியுமா? 2005 முதல் 2007 வரை வருடம் போட்ட இரண்டு ரூபாயில் சிலுவை மாதிரி ஒரு கோடு இருக்கும். வேற்றுமையில் ஒற்றுமையைக் குறிக்கும் சின்னம் அது. சிலுவை போல் இருக்கிறது என்று அப்போது பெரிய சர்ச்சையே நடந்தது. அதன் பிறகு வந்த காசுகளில் நாட்டிய முத்திரை காட்டும் கைகள் இடம்பிடித்தன. 1995-இல் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் உருவத்தோடு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று மூன்று காசு வந்தன. தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-இல் ஒரு ஐந்து ரூபாய் வந்தது. காமராஜர் நூற்றாண்டுக்கும் ஐந்து ரூபாய் உண்டு. இவை எல்லாமே எனக்குக் கல்லாவிலிருந்து கிடைத்தவை.

பத்து ரூபாய்க் காசைத் தமிழ்நாட்டில் பல கடைகள் வாங்க மறுத்த காலம் ஒன்று இருந்தது. ஒன்றில் பத்துக் கோடு, இன்னொன்றில் பதினைந்து கோடு, அதனால் ஒன்று கள்ளக்காசு என்று புரளி. பதினான்கு வடிவங்களுமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கையே விட்டது. அந்த நாட்களில் மாமா கடையில் மட்டும் எல்லாவற்றையும் வாங்கினோம். ஊரில் ஒதுக்கப்பட்ட காசெல்லாம் எங்கள் கல்லாவுக்கு வந்து சேர்ந்தது. பதினான்கில் பதினொன்றை நான் அந்த ஒரே வருடத்தில் எடுத்தேன்.

நான் காசு பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்த அம்மாயி (அம்மாவின் அம்மா) ஒருநாள் சாமி அறையிலிருந்து சின்னத் துணி முடிச்சு ஒன்றைக் கொண்டுவந்து மடியில் போட்டார். "உங்க அப்புச்சி வச்சிருந்தது கண்ணு. நீயே வச்சுக்க." உள்ளே மூன்று வெள்ளி ரூபாய், இரண்டு செப்புக் காலணா, ஒரு ஓட்டைக் காலணா.

ஓட்டைக் காலணா அதுவரை சாவிக்கொத்தில் கிடந்ததாம். 1943-இல், போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்த காசு அது. அம்மாயிக்கு அந்தக் கணக்கெல்லாம் விரல் நுனியில் இருந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்கு நாலு காலணா. ஒரு காலணாவுக்கு மூணு தம்பிடி. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தபோது ஊரே குழம்பியதை அவர் சொல்லக் கேட்க வேண்டும். நாலணா சரியாக 25 பைசா, எட்டணா சரியாக 50 பைசா. ஆனால் ஓரணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவுக்கு எங்கே போவது? சந்தையில் தினமும் சண்டைதான் என்றார். ஓரணா, இரண்டணா என்ற பேச்சு மெல்ல மறைந்து, நாலணாவும் எட்டணாவும் மட்டும் நம் வாயில் தங்கியதற்குக் காரணம் எனக்கு அன்றுதான் புரிந்தது. பழைய காசு ஒன்று கையில் கிடைத்தால், அதைச் செலவழித்த மனிதர் வீட்டில் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். என் கணக்கு நோட்டின் பின்பக்கம் அம்மாயி சொன்னவை பதினாறு பக்கம் இருக்கின்றன. அவர் 2016-இல் போய்விட்டார்.

அந்த முடிச்சில்தான் என் பெரிய தவறும் நடந்தது. செப்புக் காலணா இரண்டும் கருத்த பழுப்பு நிறத்தில் இருந்தன. பளபளவென்று ஆக்கி அம்மாயியிடம் காட்ட ஆசை. குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியில் ஊறவைத்து, திருநீறு போட்டுத் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் புதுச் செம்பாக மின்னியது. அம்மாயிக்கும் சந்தோஷம். ஒரு வாரத்தில் அந்த மின்னல் திட்டுத் திட்டாகக் கருத்து, அம்மை தழும்பு மாதிரி ஆகிவிட்டது. ராஜாவின் கிரீடத்தில் இருந்த நுணுக்கமான கோடுகள் பாதி காணோம். செம்பின் மேல் எண்பது, தொண்ணூறு வருடமாக மெதுவாகப் படிந்த அந்தப் பழுப்புப் படலம்தான் உலோகத்துக்குக் காப்பு. புளியின் அமிலம் அதைத் தின்றுவிட்டது. தேய்த்தது மிச்சத்தைக் கொண்டுபோனது. அதைத் திரும்ப வரவைக்க வழியே இல்லை. விற்கப் போனாலும் தேய்த்த காசு என்று வாங்குகிறவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும், விலை விழுந்துவிடும். தேய்க்காமல் விட்டிருந்தால் என்ற நினைப்பு இன்றும் அந்த ஆல்பம் பக்கத்தைப் புரட்டும்போது வரும்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: புளி, எலுமிச்சை, பீதாம்பரி, பல்பொடி எதையும் காசுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். அதற்கும் போகாத அழுக்கு அங்கேயே இருக்கட்டும்.

இதையெல்லாம் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். கடைக்கு அரிசி வாங்க வந்தவர். நான் கல்லாவில் காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "தம்பி, வீட்டுக்கு வாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனேன். அவர் வீட்டு மேஜையில் எப்போதும் மூன்று சாமான் இருக்கும்: பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், நகைக்கடையில் வைத்திருக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு காந்தம்.

அம்மாயியின் மூன்று வெள்ளி ரூபாயை முதல்முறை அவரிடம் கொண்டுபோன நாள் நன்றாக நினைவிருக்கிறது. மேஜையில் ஒரு துண்டை மடித்து விரித்தார். தவறி விழுந்தாலும் காசுக்கு அடிபடாது. ஒவ்வொன்றையும் விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்தார். முகத்தில் விரல் படவே இல்லை. விரலில் இருக்கும் வியர்வையும் எண்ணெயும் போதும், ஒரு வருடத்தில் ரேகை அப்படியே காசில் பதிந்துவிடும் என்றார். விக்டோரியா 1901, ஐந்தாம் ஜார்ஜ் 1917, ஆறாம் ஜார்ஜ் 1944. தராசில் வைத்தார். அடித்து வெளிவரும்போது மூன்றுக்குமே ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது. அப்புறம் கடைசிக் காசை விரல் நுனியில் நிறுத்தி நகத்தால் சுண்டினார். பிறகு விக்டோரியாவைச் சுண்டினார். "கேட்டீங்களா?" விக்டோரியாவின் ஓசை நீண்டு இழுத்தது. ஆறாம் ஜார்ஜின் ஓசை சீக்கிரம் அடங்கியது. விக்டோரியா ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் அடித்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. போர்க்காலம் காசின் ஓசையிலேயே தெரிகிறது.

பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்து 1944 ரூபாயின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். துளியூண்டு 'எல்' எழுத்து. லாகூர் நாணயச் சாலை. இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஊரில் அடித்த காசு, கரூரில் அம்மாயியின் சாமி அறையில் வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் வாங்கிக்கொண்டு அத்தனை வருடம் இருந்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

காந்தம் எதற்கு என்று கேட்டேன். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. வெள்ளி ரூபாய் என்று விற்பது ஒட்டினால் அங்கேயே வைத்துவிட்டு நடந்துவிட வேண்டியதுதான். ஆனால் 1947-இல் புலி உருவத்தோடு வந்த ரூபாய் நிக்கல் காசு. அது ஒட்டத்தான் செய்யும், ஒட்டாவிட்டால்தான் சந்தேகம். என் காண்டாமிருக நாலணாக்கள் ஒட்டின. அதற்கு முந்தைய நாலணாக்களில் செம்பும் நிக்கலும் கலந்திருந்ததால் ஒட்டவில்லை. டப்பாவில் நான் பிரித்துவைத்த இரண்டு குவியலுக்கும் அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

காசை எதில் வைப்பது என்பதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் ஆரம்பத்தில் ஸ்டேஷனரி கடையில் கிடைத்த மெத்தென்ற பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தேன். ஒரு மழைக்காலம் தாண்டிப் பார்த்தால் நான்கு காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு. பிவிசி பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் கசிந்து உலோகத்தில் ஏறிவிடும். பிவிசி இல்லாத ஆல்பமா என்று கேட்டு வாங்குங்கள். நடுவில் ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டர் மலிவானது, நல்லது. வெள்ளிக் காசை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். இவ்வளவுதான்.

இரண்டாவது தவறு பணத்தோடு போனது. கரூர்க்காரனுக்கு ரோமானியக் காசு என்றாலே மனசு துள்ளும். சங்க காலச் சேரரின் வஞ்சி எங்கள் ஊர்தான் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அமராவதி ஆற்று மணலில் ரோமானிய வெள்ளிக் காசுகளும், மாக்கோதை, குட்டுவன்கோதை என்று தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த சேரர் காசுகளும் கிடைத்திருக்கின்றன. முதல் சம்பளம் வாங்கிய மாதம் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். மண்டபத்துக்கு வெளியே ஒருவர் பையிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்துக் காட்டி, "ஆத்துல கிடைச்சது, உங்களுக்காக 2,800" என்றார். லென்ஸ் வீட்டில் இருந்தது. தராசும் வீட்டில் இருந்தது. மனசு மட்டும் கையில் இருந்தது. வாங்கிவிட்டேன்.

பெரியவர் விளிம்பைத் திருப்பி லென்ஸைக் கொடுத்தார். காசைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடியது. இரண்டு அச்சுப் பாதியைச் சேர்த்து உருக்கி ஊற்றிய தையல் அது. முகத்தில் ஊசி குத்தினாற்போலக் குழிகள், உலோகம் ஆறும்போது காற்றுக் குமிழி விட்டுப்போன தடம். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்து வெள்ளிக் காசான தினாரியஸ் நாலு கிராமைத் தொடாது. இது ஐந்தரை. பெரியவர் என்னைத் திட்டவில்லை. "சென்னைக்குப் போனா எழும்பூர் மியூசியத்துல நிஜக் காசைப் பார்த்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். போனேன். தென்னிந்தியாவில் அதிகம் கிடைக்கும் இரண்டு வகைகளையும் படித்துக்கொண்டு போனேன்: கேடயத்தோடு இரண்டு இளவரசர்கள் நிற்கும் அகஸ்டஸ் காசு, ஒரு பெண் அமர்ந்திருக்கும் திபேரியஸ் காசு. உளியால் வெட்டிய அச்சு தருகிற அந்தக் கூர்மை, அடிக்கும்போது உலோகம் ஓடி விளிம்பில் வெடித்த வெடிப்பு, இவற்றை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் வார்ப்புக் காசு கண்ணை ஏமாற்றுவது கஷ்டம். 2,800 ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் போயிருக்க வேண்டிய இடம்.

அது நிஜமாகவே ஆற்றில் கிடைத்த காசாக இருந்திருந்தால் இன்னொரு சிக்கல். மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் சொல்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு எடுத்துப்போகவோ அனுப்பவோ கூடாது. அதனால் இப்போது நான் பழங்காசு எதை வாங்கினாலும் பில் போட்டுத் தருகிறவரிடம் மட்டும் வாங்குகிறேன்.

அப்படிப் பில் போட்டு வாங்கிய முதல் பழங்காசு ராஜராஜ சோழனின் செப்புக் காசு. 250 ரூபாய். ஆயிரம் வருடத்துக் காசு அவ்வளவுதானா என்று கேட்பார்கள். நிறைய அடித்திருக்கிறார்கள், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நிறையக் கிடைத்திருக்கின்றன, அதனால் விலை குறைவு. வயதுக்கும் விலைக்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை என்பது எனக்கு அதை வாங்கியபோதுதான் உறைத்தது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், இன்னொரு பக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று நாகரி எழுத்தில் பெயர். சோழன் காசில் தமிழ் எழுத்து இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் நிற்பார்கள். நானும் நின்றேன்.

விலை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். வைஷ்ணவ தேவி போட்ட காசுக்கு லட்சம், 786 என்று முடியும் நோட்டுக்கு லட்சம் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. எங்கள் தெருவில் ஒரு அக்கா அதை நம்பி போனில் பேசியவனுக்கு 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று 2,500 ரூபாய் அனுப்பினார். அடுத்த நாள் வரி என்று 6,000 கேட்டான். அப்போதுதான் என்னிடம் வந்தார். அந்த வைஷ்ணவ தேவிக் காசு என்னிடமே மூன்று இருக்கிறது, மூன்றும் கல்லாவில் எடுத்தவை. பழைய காசு, நோட்டு விற்பனைக்குக் கட்டணமோ கமிஷனோ வரியோ தாங்கள் கேட்பதில்லை, தங்கள் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. உங்களிடம் காசு வாங்க வருகிறவன் உங்களிடமே முதலில் பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். அந்த அக்காவின் 2,500 திரும்பி வரவில்லை.

என் கணக்கு நோட்டில் நாலணாப் பக்கத்தில் இன்னும் சில கட்டங்கள் காலியாகத்தான் இருக்கின்றன. எப்போதாவது யார் வீட்டு உண்டியலாவது உடைந்தால் ஒன்று வரும். மாமா கடைக் கல்லாவிலும் முன்பு மாதிரி சில்லறை விழுவதில்லை. இரண்டு ரூபாய் மிட்டாய்க்கும் ஜிபே வந்துவிட்டது. இருந்தாலும் ஞாயிறு இரவில் அந்த வாரத்துச் சில்லறையைச் சாக்கில் கொட்டும் பழக்கத்தை நாங்கள் விடவில்லை. இப்போது கூட உட்காருவது என் அக்கா மகள். ஒன்றாம் வகுப்பு. தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள்.

போன வாரம் ஒரு மஞ்சள் நிற ஐந்து ரூபாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "மாமா, இந்தக் காசுல தமிழ்ல எழுதியிருக்கு!" லென்ஸைக் கொடுத்தேன். அண்ணா நூற்றாண்டுக்கு வந்த காசு, கீழே அவருடைய கையெழுத்து. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கூட்டிப் படித்தாள். "அண்... ணா... துரை."

"யாரு மாமா அது?"

நான் சொல்லத் தொடங்கியதும் ஓடிப்போய்த் தன் நோட்டை எடுத்துவந்து கட்டம் போட ஆரம்பித்துவிட்டாள்.